வாழைத்தோப்பு வளைவுக்கு ஒரு டயர்

நான் பயந்தவள். இடி இடித்தால் மிக்ஸி வயரைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். லிஃப்டில் தனியாகப் போக மாட்டேன். ஸ்கூட்டர் ஓட்டப் பழகப் போய் முதல் நாளே இளநீர் வண்டியில் மோதி, காய்களெல்லாம் ரோட்டில் உருள, அன்றோடு அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டேன். இப்படிப்பட்டவளைத்தான் என் கணவர் மலையடிவாரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்.

கோயமுத்தூருக்குள் வாடகை வீடு மாறி மாறிச் சலித்துப்போயிருந்தோம். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் மனை சல்லிசாகக் கிடைத்தது. காற்று நன்றாக இருக்கும், தண்ணீர் நன்றாக இருக்கும், தூக்கம் நன்றாக வரும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மனை விற்றவரும் அதையேதான் சொன்னார். யானை வரும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்தான் வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் யானை இறங்குமேம்மா” என்றார். தீர்த்தம் தெளித்த கையோடு அவர் கிளம்பிப் போய்விட்டார். நாங்கள் இருந்தோம்.

எனக்கு வேலை மெயின் ரோட்டில், ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறரை மணிக்கே வாசலில் நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் பம்பு கம்பெனிகளுக்கும் பட்டறைகளுக்கும் காலை ஷிஃப்டு போகிறவர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும் அவர்களுக்கு. கதவுச் சாவி என்னிடம். எங்கள் பக்கம் முதல் மினி பஸ் எட்டு மணிக்கு. என் கணவர் மில்லில் ஃபிட்டர், இரவு ஷிஃப்டு, நான் கிளம்பிப் போன பிறகுதான் வீடு திரும்புவார். ஆகவே எனக்கு சைக்கிள். கூட வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் ஓட்டிக் கைவிட்ட, கியர் வைத்த சைக்கிள். அதை நான் நன்றாகவே ஓட்டுவேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குப் பயமில்லாத ஒரே வாகனம் அதுதான்.

பயம் ரோட்டில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் செம்மண்ணில் சரளைக்கல் கொட்டிய தடம். பிறகு ஒரு வளைவு. வளைவின் ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் மலையிலிருந்து இறங்கும் பள்ளம், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். யானைக்கு அந்தப் பள்ளம்தான் வழி, அந்த வாழைதான் சாப்பாடு. வளைவைத் தாண்டி ஒரு மேடு ஏறினால் தார் ரோடு வந்துவிடும், தெருவிளக்கும் வந்துவிடும், பிறகு மெயின் ரோடு வரை கவலையில்லை. வளைவுக்குள் நுழையும்போது சிலுவை போட்டு ஒரு ஜெபம் தொடங்குவேன். ஜெபம் முடிவதற்குள் மேட்டில் ஏறிவிட வேண்டும். அதுதான் என் கணக்கு.

ஊரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் விடியும் முன்பே அதில் குரல் பதிவு போடுவார். “ஒத்தை ஒண்ணு தோட்டத்துப் பக்கம் நிக்குதுங்க, யாரும் அந்த வழி போக வேண்டாமுங்க” என்று அவர் சாவகாசமாகச் சொல்வதைக் கேட்டால் யாரோ விருந்தாளி வந்திருப்பது போல இருக்கும். அப்படிப் பதிவு வந்த நாள்களில் நான் போக மாட்டேன், ஓனரிடம் திட்டு வாங்கிக்கொள்வேன். பதிவு வராத நாள்களில் போவேன். ஆனால் பதிவு வரவில்லை என்றால் யானை இல்லை என்றா அர்த்தம்? அவர் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? இதைக் கேட்டதற்கு என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்புள்ள, யானைக்கு வேற வேலை இல்லையா? உன்னையப் பாக்கவா மலையிலிருந்து எறங்கி வருது?” என்றார். என் பயங்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து சிரிப்புதான்.

வளைவுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வீடு உண்டு. ஓடு வேய்ந்த சின்ன வீடு, பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. அங்கே ஓர் அக்கா, தனியாக இருந்தார், பால் ஊற்றிப் பிழைப்பு. நான் போகும் நேரத்தில் கறந்துகொண்டிருப்பார். என் சைக்கிள் வெளிச்சம் தெரிந்ததும் கொட்டகைக்குள்ளிருந்தே, “வாங்க அம்மணி, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க” என்பார். நான், “இருக்கட்டுங்கக்கா, பொறகு வாரேனுங்க” என்பேன். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வாசலைக் கடக்கிறவரைக் காப்பிக்குக் கூப்பிடாமல் விட்டால் மரியாதையில்லை. கூப்பிட்டவுடன் உள்ளே போய் உட்கார்ந்தாலும் மரியாதையில்லை. கூப்பிடுகிறவருக்கும் தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். தினமும் இப்படிப் பேசிக்கொண்டோமே தவிர, அந்த அக்காவைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

முதல் பஞ்சர் அந்த வளைவிலேயே ஆனது. ஜெபம் பாதியில் இருந்தது. பின்சக்கரம் திடீரென்று கனத்தது, சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது, ரிம் சரளைக்கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. இறங்கினேன். இருட்டு முழுதாக விலகவில்லை. வாழை இலைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொரு உரசலும் ஒரு பெரிய உடம்பு நகர்வது போலக் கேட்டது. பின்னால் போவதா, முன்னால் போவதா என்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது. கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றதுகூட தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று ரத்தம் எடுக்க உட்கார்ந்தால் கை நடுக்கம் நிற்கவில்லை. முதலில் வந்தவர் என் கையையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வாரேனுங்க” என்று எழுந்து போய்விட்டார். இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலையும் போகும், உயிரும் போகும் என்று தோன்றியது. யானையை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டயரையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வளைவில் ஒரு நாளும் பஞ்சர் ஆகாத டயர். அது கிடைத்துவிட்டால் போதும், பிறகு ஜெபமும் காலும் என்னைக் கரைசேர்த்துவிடும் என்று நம்பினேன்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் நெருஞ்சி முள். சின்னதுதான், ஆனால் ஆணியைவிட மோசம். செம்மண் தடத்தின் ஓரமெல்லாம் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், பார்க்க அழகாக இருக்கும். என் டயரோ நடுவில் தேய்ந்து வழுக்கையாகி, உள்ளிருக்கும் நூல் தெரியும் நிலைக்கு வந்திருந்தது. பஞ்சர் போட்டவர் விரலால் தடவிக் காட்டினார். இத்தனை நாள் இதன் மேல் உட்கார்ந்தா போனேன் என்று நானும் ஒரு தரம் தடவிப் பார்த்தேன்.

என் கணவரின் கொள்கை எளிமையானது. “டயருன்னா கனமா இருக்கோணும். கனம் இருந்தாத்தான் ஒழைக்கும்.” டயருக்கு மட்டுமில்லை, போர்வை, பாத்திரம், கதவு எல்லாவற்றுக்கும் அவருக்கு இதே கொள்கைதான். மறுநாளே மலையேறும் சைக்கிளுக்குப் போடும் டயர் இரண்டு வாங்கி வந்து அவரே மாட்டினார். பல் பல்லாக, டிராக்டர் டயர் குட்டி போட்டது போல இருந்தது. மட்கார்டில் உரசியது, மட்கார்டைக் கழற்றி எறிந்தார். சரளையில் அது நன்றாகத்தான் பிடித்தது, மறுக்க மாட்டேன். ஆனால் என் வழியில் பெரும்பகுதி தார். தாரில் அந்தப் பற்கள் ஊஊ என்று ஊளையிட்டன. மிதிக்க மிதிக்க நகரவில்லை. ஈர மணலில் ஓட்டுவது போலத் தொடை கடுத்தது. எல்லாவற்றையும்விட, மேட்டில் என் வேகம் பாதியாகிவிட்டது. ஜெபம் முடிந்த பிறகும் நான் வளைவிலேயே இருந்தேன். அந்த வாரமே ஒரு முள், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருந்த மெல்லிய இடமாகப் பார்த்து ஏறிவிட்டது. நல்லவேளை, வீட்டு வாசலில்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்கவில்லை. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். சமைக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குவதற்கு முன்புகூட. சைக்கிள் டயரைப் பற்றி உலகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு பேசுகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர்களில் ஒருவரும் யானையைப் பற்றிப் பேசவில்லை. மழை, மணல், முள், கண்ணாடி, வேகம், எடை. நான் அதிலிருந்து எனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு ரிம்முக்குப் பொருந்த வேண்டும். ரப்பர் பழசானால் ஓடாமல் கிடந்தாலும் வெடிக்கும், ஆகவே கிள்ளிப் பார்க்க வேண்டும். காற்றை எவ்வளவு வரை அடிக்கலாம் என்றும் அங்கேயே போட்டிருக்கும். இவ்வளவும் தெரிந்துகொண்டு உக்கடத்துப் பக்கம் ஒரு பாயின் சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடை பழையது. கூரை வரை டயர்கள் தொங்கின. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “எத்தனை தூரம் மண்ணு, எத்தனை தூரம் தாருங்க?” என்றார். சொன்னேன்.

“சுமை ஏதாச்சுமுங்களா?”

“சாப்பாட்டுப் பையும் நானுந்தானுங்க.”

“அப்பறம் என்னங்க பிரச்சினை?”

“யானை வர்ற ரோட்டுல பஞ்சர் ஆகக் கூடாதுங்க பாய்.”

அவர் கண்ணாடியை இறக்கி என்னைச் சரியாகப் பார்த்தார். “யானைக்கு டயர் இல்லீங்க அம்மணி. முள்ளுக்குத்தான் இருக்குது” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

காற்றே வேண்டாத கெட்டி டயர் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டேன். “இருக்குதுங்க. முதுகெலும்புக்கு வைத்தியமும் சேத்துப் பாத்துக்கோங்க” என்றார். சரளையில் அது கல்லுக்குக் கல் எகிறும், திருப்பத்தில் வழுக்கும், மேட்டில் இழுக்கும். அதை விட்டோம். அடுத்து வெளிநாட்டு டயர் ஒன்றை மெத்தென்று துணியைப் பிரிப்பது போலப் பிரித்துக் காட்டினார். முள் ஏறவே ஏறாது, பல வருஷம் வரும் என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இதை மாட்டி வேலை செய்யும் இடத்து வாசலில் நிறுத்தினால், நாளெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டுதான் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். யானை பயத்தைக் கொடுத்துத் திருட்டு பயத்தை வாங்கிக்கொள்ள நான் வரவில்லை.

மூன்றாவது, நம் ஊர்ச் சரக்கு, நடுத்தர விலை. நடுவில் ஏறக்குறைய வழுவழுப்பு, இரண்டு ஓரங்களிலும் சின்னச் சின்னப் பற்கள். தாரில் நடுப்பகுதி மட்டும் உருளும், சரளையில் திரும்பும்போது ஓரத்துப் பற்கள் பிடிக்கும். ரப்பருக்கு அடியில் முள்ளைத் தடுக்க ஒரு தடித்த பட்டை. விளிம்பில் கம்பி வைத்தது, மடிக்க வராது, ஆனால் விலை குறைவு, உழைப்பு அதிகம். என் பழைய டயரைவிட ஒரு விரற்கடை அகலம், அதனால் கல்லில் அவ்வளவு குதிக்காது. பிடித்துப்போயிற்று. கையில் வாங்கிப் பக்கவாட்டைக் கிள்ளி விரித்துப் பார்த்தேன். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தது. எதுவும் சொல்லாமல் அவரிடமே திருப்பி நீட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இது மேல கெடந்து வெயில் பட்டதுங்க” என்று முனகிக்கொண்டே உள்ளே போய்ப் புதுச் சரக்கு எடுத்து வந்தார்.

மாட்டித் தரும்போது, காற்றைக் கல் மாதிரி அடிக்க வேண்டாம் என்றார். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறார்கள், கல் மாதிரி இருந்தால் சரளையில் துள்ளும், பிடிமானம் போய்விடும். கட்டைவிரலால் அழுத்தினால் மிகக் கொஞ்சமாக அமுங்க வேண்டும். மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த மாதங்களை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஒரு பஞ்சர் இல்லை. தினமும் மாலை வாசலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பேன். நெருஞ்சி முட்கள் ரப்பரில் குத்திக்கொண்டு நிற்கும், பட்டையைத் தாண்டியிருக்காது. ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பேன். அப்பம் சுடுகிற பெண்ணுக்கு இருக்கும் நிதானம் எனக்கு அந்த நேரத்தில் இருக்கும். மேட்டில் என் வேகம் கூடிவிட்டது. பல நாள் ஜெபம் முடிய இரண்டு வரி இருக்கும்போதே தார் ரோட்டுக்கு வந்துவிடுவேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது டயருக்குள் போய் அடங்கிவிட்டது. காற்று சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். சரியாக இருந்தால் எல்லாம் சரி. குரூப்பில் பதிவு வந்திருக்கிறதா என்று பார்ப்பது போய், வந்திருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை விடியலில்தான் அது நடந்தது. மழைக்காலமாயிற்றே என்று அன்று குரூப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், பதிவு எதுவும் வரவில்லை. கொஞ்சம் நேரமாகிவிட்டிருந்தது. பனி இறங்கியிருந்ததால் என் விளக்கு வெளிச்சம் முன்சக்கரத்துக்கு அப்பால் அவ்வளவாகப் போகவில்லை. அந்த அக்கா வழக்கமாகக் கொட்டகைக்குள் இருப்பவர், அன்று தடத்தின் நடுவில் நின்றார். கையில் பால் சொம்பு இல்லை. நான் பிரேக் பிடித்தேன். சரளையில் துளிகூட வழுக்காமல் டயர் நின்றது, அந்த நேரத்திலும் அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

“வாங்க அம்மணி, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க.”

“இருக்கட்டுங்கக்கா, நேரமாச்சுங்க.”

“சித்த உக்காந்துட்டுப் போலாமுங்க.”

“பொறகு வாரேனுங்கக்கா. ஆளுக வந்து நிப்பாங்க.”

“நின்னாப் பரவாயில்லீங்க. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க.”

நான் சிரித்துக்கொண்டே பெடலில் காலை வைத்தேன். மூன்று தரம் கூப்பிட்டால் மூன்று தரம் மறுப்பதுதானே எங்கள் பழக்கம். அக்கா சைக்கிளின் பின்கேரியரைப் பிடித்தார். என்னைப் பார்க்காமல் குனிந்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பின்சக்கரத்து வால்வு மூடியைத் திருகி எறிந்துவிட்டு, ஊசியை உள்ளே வைத்து அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

எனக்கு ஒரு கணம் என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பிறகு கோபம் தலைக்கேறியது. “என்ன பண்றீங்க? உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்குது?” என்று கத்தினேன். கையைத் தட்டிவிடப் பார்த்தேன். அவர் தோளைக் கொடுத்துத் தடுத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார். எத்தனை கடை ஏறி இறங்கி, எத்தனை வீடியோ பார்த்து, எத்தனை முள்ளை நெம்பி நான் காப்பாற்றி வைத்திருந்த காற்று. அது கடைசி வரை போய், ரிம் கல்லில் உட்காரும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார். 

அப்போதுதான் கேட்டது. வாழைத்தோப்புக்குள்ளிருந்து, தண்டு நசுங்கும் ஈரமான சத்தம். பிறகு ஒரு பெரிய மூச்சு. மாட்டின் மூச்சு போலத்தான், ஆனால் முடியாமல் நீண்டுகொண்டே போனது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பனிக்குள் வாழைகள் இரண்டாக விலகின. அது தடத்துக்கு வந்தது. வளைவில், மேடு தொடங்கும் இடத்தில், நான் ஜெபத்தில் பாதி முடித்திருக்க வேண்டிய இடத்தில். முதலில் ஒரு கருமை, அப்புறம் வெளிறிய தந்தம் ஒன்று, அப்புறம் காது. அது அவசரப்படவில்லை. தும்பிக்கையை உயர்த்தி எங்கள் பக்கம் காற்றை மோந்தது.

 சைக்கிளை அப்படியே விட்டால் விழுந்து சத்தம் போடும் என்று அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அக்கா என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிப் புல்மேல் சாய்த்தார், என் மணிக்கட்டைப் பிடித்து மாட்டுக்கொட்டகைக்குள் இழுத்துப் போனார். இரண்டு மாடுகளுக்கும் பின்னால், ஈரச் சாணத்தின் மேல் உட்கார்ந்தோம். மாடுகள் அசைபோடவில்லை. காதை விறைத்துக்கொண்டு ஒரே பக்கம் பார்த்து நின்றன. நான் ஜெபத்தைத் தொடங்கினேன், நடுவில் வார்த்தைகள் மறந்துபோயின. மறுபடி தொடங்கினேன், மறுபடி மறந்தது. இப்படி மறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெளியே வெளுத்திருந்தது. தண்டு நசுங்கும் சத்தம் நின்றிருந்தது. அது பள்ளத்தில் இறங்கிவிட்டதா, தோப்புக்குள்ளேயே நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு மாடு குனிந்து சோளத்தட்டைக் கடிக்கத் தொடங்கியதும்தான் அக்கா என் மணிக்கட்டை விட்டார். அவர் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் கொஞ்சம் வந்தது. பயந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது.

“யானை நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களாக்கா?” என்றேன்.

அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். “அந்தப் பேரு என்ற வாயில வர மாட்டேங்குதுங்க அம்மணி” என்றார்.

பிறகு, என்னைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்ற ஊட்டுக்காரரும் இப்படித்தானுங்க. வெடியால பால் கேனைக் கட்டிக்கிட்டுச் சைக்கிளை எடுத்தாரு. மாடு ரண்டும் இன்னிக்கு மாதிரியே அசையாம நின்னுதுங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி இருந்துச்சு. பயமா இருக்குது, போகாதீங்கன்னு சொன்னாச் சிரிப்பாரு. எப்பவும் சிரிப்பாருங்க. அதனால காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன். வந்து குடிக்கறேன்னு போனாரு.”

மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டார். “காப்பிக்குன்னா யாருங்க நிப்பாங்க” என்றார்.

  ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் விடியலில் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறேன். தினமும் அவர் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதில் எத்தனை நாள் வெறும் காப்பி, எத்தனை நாள் வேறு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் நான் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு நேரம் நினைவுக்கு வந்தது. என் கணவருக்கு ஷிஃப்டு முடிந்திருக்கும். அவர் இந்த வழியாகத்தான் வருவார், இதே மேட்டில் இறங்கி, இதே வளைவைச் சுற்றி. பைக்கில் வருகிறவருக்கு எதுவும் காதில் விழாது. கை வியர்த்துப் போனில் எண் நழுவியது. இரண்டாவது தடவைதான் கூப்பிட முடிந்தது. எடுத்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஓட்டியபடியே பேசுவது அவருக்குப் பழக்கம். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, “என்ன புள்ள, இந்நேரத்துல?” என்றார்.

வேறு ஏதாவது சொல்லி நிறுத்தலாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. கடையில் பால் வாங்கி வாங்க, லேபுக்குப் போய் நான் வர நேரமாகும்னு சொல்லிட்டு வாங்க, இப்படி ஏதாவது. பக்கத்தில் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றேன். “வளைவுல யானை நிக்குது. வராதீங்க.”

அவர் சிரிக்கத் தொடங்கியது கேட்டது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது வரை தெரியும்.

“சிரிக்காதீங்க” என்று கத்தினேன். மாடுகள் இரண்டும் திடுக்கிட்டுத் திரும்பின. “பயமா இருக்குது. கேக்குதுங்களா? எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. அங்கயே நில்லுங்க.”

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அவர் வண்டியை நிறுத்தி அதையும் அணைத்தார்.